அத்தியாயம் 4: இரண்டு இரவா, மூன்று மணி நேரமா?

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயில் பாதை சுமார் 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு 10 மணிக்கு சென்ட்ரலை விட்டுக் கிளம்பினால், ஒரு முழுப் பகலையும் இரண்டு இரவுகளையும் தின்றுவிட்டு, அதற்கடுத்த காலை ஆறரை வாக்கில் புதுடெல்லியில் நிற்கும். விமானத்துக்கு மூன்று மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. ரயிலில் ஏ.சி. மூன்றடுக்குக்கு 2,100 ரூபாயை ஒட்டி ஆகும். விமானத்தில் ஒரு மாதம் முன்னால் வாங்கினால் ஐந்தாயிரத்திலிருந்து ஏழாயிரத்துக்குள் கிடைக்கலாம். கடைசி நேரத்தில் அதுவே இரண்டு மடங்காகும்.

பெரும்பாலோர் இந்த நாலு எண்களைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். அதில்தான் பணமும் நேரமும் வீணாகின்றன. டிக்கெட் விலையைக் கடைசியில் பார்க்கச் சொல்கிறேன். அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன: பயணத் தேதி உங்களுக்கு எப்போது தெரிந்தது? அந்தத் தேதி மாறுமா? போவது எத்தனை பேர்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் ரயிலா விமானமா என்பது பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும்.

சென்னை–டெல்லி தடத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து நேரடி ரயிலும் நேரடி விமானமும் தினமும் இருக்கும் நீண்ட தடம் அது. கணக்கு பளிச்சென்று தெரியும். கட்டணங்களும் விதிகளும் 2025 நிலவரம். கட்டணங்களை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். ஐம்பது நூறு முன்பின் இருந்தால் முடிவு மாறாது.

பகல் எத்தனை போகிறது?

முப்பத்து மூன்று மணி நேரம் என்றதும் மலைக்க வேண்டாம். மணியை எண்ணாமல் பகலை எண்ணுங்கள். வெள்ளிக்கிழமை வேலை முடித்து, வீட்டில் சாப்பிட்டு, இரவு 10 மணிக்கு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுகிறவருக்கு சனிக்கிழமைப் பகல் ஒன்றுதான் ரயிலில் போகிறது. இரண்டு இரவும் தூங்கிக் கழிகின்றன. ஞாயிறு காலை வேலையைத் தொடங்கலாம்.

இப்போது விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் வீடு என்றால் விமான நிலையம் பக்கம். மாதவரத்திலோ திருவொற்றியூரிலோ வீடு என்றால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். உள்நாட்டு விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போகச் சொல்கிறார்கள். பெட்டி போடும் கவுன்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவார்கள். பறப்பது மூன்று மணி. அங்கே இறங்கிப் பெட்டிக்குக் காத்திருந்து ஊருக்குள் போய்ச் சேர இன்னொரு ஒன்றரை மணி. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஏழெட்டு மணி நேரம், அதாவது அரைப் பகலுக்கு மேல். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விலை மலிவான விமானங்கள் பெரும்பாலும் அதிகாலையிலோ நள்ளிரவை ஒட்டியோதான் இருக்கும். அதிகாலை விமானத்துக்கு மெட்ரோவை நம்ப முடியாது, டாக்ஸிதான். முதல் நாள் தூக்கம் போனது போனதுதான்; டெல்லியில் இறங்கிய பிறகு பாதிப் பகல் தூங்கி வழியும். இரவு 12 மணிக்குப் போய் இறங்கும் விமானம் என்றால் ஓட்டலில் ஒரு இரவு வாடகை கூடுதல். ஐந்தாயிரம் ரூபாய் விமானம் ஏழாயிரம் ஆவது இப்படித்தான்.

ஆக, விமானம் மிச்சம் பிடிப்பது முப்பது மணி நேரத்தை என்று சொல்வது சரியில்லை. ஒரு பயணத்துக்கு ஏறக்குறைய அரைப் பகல், சில சமயம் ஒரு பகல். அந்தப் பகல் உங்களுக்கு எவ்வளவு பெறும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். விடுப்பில் கைவைக்க முடியாத ஊழியருக்கு அது பொன். ஓய்வு பெற்றவருக்கோ விடுமுறையில் இருக்கும் மாணவருக்கோ அதற்கு ஐந்தாயிரம் கொடுப்பது அதிகம்.

பகலை எண்ணும் பழக்கம் வந்துவிட்டால் ரயில்களுக்குள்ளேயே தேர்வு மாறும். சென்னையிலிருந்து ஹஸ்ரத் நிஜாமுதீனுக்கு ராஜதானி இருக்கிறது, வாரம் இருமுறை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸைவிட நாலைந்து மணி நேரம் வேகம். ஆனால் அது காலை ஆறு மணி வாக்கில் கிளம்பி மறுநாள் முற்பகலில் போய்ச் சேர்கிறது. ஒரு முழுப் பகலும் கூடவே ஒரு காலைப்பொழுதும் போய்விடும். வேகமான ரயில் அதிகப் பகலைத் தின்கிறது! அதோடு ராஜதானியில் 2016 செப்டம்பரிலிருந்து ஃப்ளெக்ஸி கட்டணம். இடம் நிரம்ப நிரம்ப விலை ஏறும். சாப்பாடு கொடுப்பார்கள், போர்வை கொடுப்பார்கள், எல்லாம் சரி. ஏ.சி. இரண்டடுக்கு உச்ச விலையில் கிடைக்கிற நாளில் விமான விலையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இரண்டுக்கும் பெரிய தூரம் இருக்காது.

ஒற்றை ஆளும் குடும்பமும்

தனியாகப் போகிறவருக்கு ஏ.சி. மூன்றடுக்கு 2,100, வழியில் சாப்பாடு தண்ணீருக்கு ஐந்நூறு. விமானம் 6,500, இரு பக்கமும் போக்குவரத்துக்கு ஆயிரம். வித்தியாசம் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வேலை நிமித்தமாகப் போகிறவர் யோசிக்காமல் பறக்கலாம்.

கணவன், மனைவி, எட்டு வயதுப் பெண், நாலு வயதுப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே தனி பெர்த் கேட்காத குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பெர்த் வேண்டாம் என்றால் அரைக் கட்டணம். பெர்த் வேண்டுமென்றால் 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம். டெல்லி தூரத்துக்கு எட்டு வயதுப் பெண்ணை மடியில் வைத்துக்கொள்ள முடியாது, பெர்த் எடுத்துவிடுங்கள். மூன்று டிக்கெட், 6,300 ரூபாய். விமானத்தில் இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு முழு இருக்கை, ஏறக்குறைய முழுக் கட்டணம். நாலு டிக்கெட், 26,000. விமான நிலையத்துக்குப் போகவர ஆகும் டாக்ஸிச் செலவும் ரயிலில் நாலு வயிற்றுக்கு ஆகும் சாப்பாட்டுச் செலவும் ஏறக்குறைய கழிந்துவிடும். போக வர இரண்டு வழிக்கும் வித்தியாசம் நாற்பதாயிரம் ரூபாயை ஒட்டி நிற்கும். டெல்லி, ஆக்ரா, ஹரித்வார் சுற்றி ஒரு வாரம் தங்குவதற்கான ஓட்டல் செலவே அதற்குள் அடங்கும்.

ஆள் கூடக் கூட ரயில் பக்கம் தராசு சாயும் என்பதற்கு இன்னொரு சின்னக் காரணமும் உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளக் கட்டணம் ஒரு டிக்கெட்டுக்கு இவ்வளவு என்றுதான்: ஏ.சி.க்கு 30 ரூபாய், யு.பி.ஐ.யில் கட்டினால் 20, அதோடு வரி. ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம். விமான டிக்கெட் விற்கும் தளங்களில் கன்வீனியன்ஸ் ஃபீ ஆளுக்கு, ஒவ்வொரு வழிக்கும். அது நானூறு ஐந்நூறு என்று வந்து நிற்கும். டிக்கெட்டை ரத்து செய்தாலும் திரும்பாது. பணம் கட்டும் பக்கத்தில் நாம் கேட்காமலே டிக் அடித்து வைத்திருக்கும் இன்சூரன்ஸ், இருக்கைத் தேர்வு, சாப்பாடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு வரும் கடைசித் தொகைதான் உண்மையான விலை. அதைத்தான் ரயிலோடு ஒப்பிட வேண்டும்.

ரயில் டிக்கெட்டிலும் இன்சூரன்ஸ் கேட்கும். அதற்கு ஆளுக்கு 45 பைசா. உயிரிழப்புக்கு 10 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு. அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். டிக்கெட் போட்டதும் வரும் செய்தியில் இருக்கும் இணைப்பில் போய் வாரிசு பெயரையும் பதிந்துவிடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை.

தேதி மாறுமா?

இந்த அத்தியாயத்தில் பணம் மிச்சமாகும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரயில் முன்பதிவு பயணத் தேதிக்கு 60 நாள் முன்னால் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் குறைத்துவிட்டார்கள். இந்த மாற்றம் பயணிக்கு நல்லது. நாலு மாதம் முன்னால் யாருக்கு என்ன தெரியும்? காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்கும். பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறைக்கு அந்த முதல் பத்து நிமிடம் முக்கியம். சாதாரண நாட்களில் டெல்லி ரயிலில் ஒரு மாதம் முன்னால் பார்த்தால்கூட ஏ.சி.யில் இடம் கிடைப்பது உண்டு.

உறுதியான டிக்கெட்டை ரயில் கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தால் பிடித்தம் ஆளுக்கு: ஸ்லீப்பரில் 120 ரூபாய், ஏ.சி. மூன்றடுக்கில் 180, இரண்டடுக்கில் 200, முதல் வகுப்பு ஏ.சி.யில் 240. ஏ.சி. என்றால் இதற்கு மேல் வரி. 48-லிருந்து 12 மணி நேரத்துக்குள் என்றால் கட்டணத்தில் கால் பங்கு போகும். 12-லிருந்து 4 மணிக்குள் பாதி. அதற்கும் பிறகு ஒன்றும் வராது.

விமானத்தில் மலிவான டிக்கெட்டை ரத்து செய்தால் மூவாயிரத்துக்கு மேல் பிடிப்பது சகஜம். 4,500 ரூபாய் டிக்கெட்டில் கையில் என்ன மிஞ்சும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலர் "ஒன்றும் வராது, விடு" என்று ரத்தே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டக் கூடாது. விமான நிலையப் பயனர் கட்டணம், பயணிகள் சேவைக் கட்டணம் போன்றவற்றை, பணம் திரும்பாது என்று சொல்லி விற்ற டிக்கெட்டாக இருந்தாலும், திருப்பித் தந்தே ஆக வேண்டும். சில நூறுகளோ அதற்கு மேலோ வரும். ரத்து செய்யாமல் விமானத்தைத் தவறவிட்டிருந்தாலும் இவற்றைக் கேட்டு வாங்கலாம்.

இதிலிருந்து ஒரு உபாயம் பிறக்கிறது. தேதி தெரிந்த உடனே ரயிலில் ஏ.சி. மூன்றடுக்கு போட்டு வைத்துவிடுங்கள். பிறகு ஐந்தாறு வாரம் விமான விலையை அவ்வப்போது கவனியுங்கள். நல்ல விலை வந்தால் விமானம் வாங்கிக்கொண்டு ரயிலை ரத்து செய்யலாம்; போவது ஆளுக்கு இருநூறுக்கும் குறைவு. விலை வராவிட்டால் ரயில் இருக்கவே இருக்கிறது. எதிர்ப்பக்கமாக இதைச் செய்ய முடியாது. விமானத்தைப் போட்டு வைத்துவிட்டு ரயிலுக்குக் காத்திருப்பது நஷ்டக் கணக்கு. ரத்து செய்வதென்று முடிவானால் அன்றைக்கே செய்துவிடுங்கள். வெயிட்டிங் லிஸ்ட்டில் இருப்பவருக்கு அந்த பெர்த் போகும்.

கல்யாணப் பேச்சு, மருத்துவமனைத் தேதி, நேர்காணல், நீதிமன்ற வாய்தா என்று நம் கையில் இல்லாத தேதிகளுக்கு ரயில்தான் சரி. குறிப்பாக வாய்தா. அது தள்ளிப்போகாத நாள் அபூர்வம்.

நாளைக்கே போக வேண்டும் என்றால்

அவசரத்துக்கு விமானம் என்பது பொது புத்தி. பணம் ஒரு பொருட்டில்லை என்றால் அதுவே சரி. ஆனால் விலை ஏறும் விதத்தைப் பாருங்கள்: விமானத்தில் கடைசி நாள் விலை 12,000-ஐத் தாண்டுவது சாதாரணம். ரயிலில் தட்கல் கூடுதல் கட்டணம் ஏ.சி. மூன்றடுக்குக்கு அதிகபட்சம் 400 ரூபாய், ஸ்லீப்பருக்கு 200. அதாவது நாளைய பயணத்துக்கு 2,500 ரூபாயில் டெல்லி போகலாம், டிக்கெட் கிடைத்தால்.

அந்த "கிடைத்தால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் நாள் காலை 10 மணிக்கு ஏ.சி., 11 மணிக்கு ஏ.சி. இல்லாத வகுப்புகள். 2025 ஜூலையிலிருந்து ஆதாரை இணைத்துச் சரிபார்த்த கணக்கில் மட்டும்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் வேண்டும். முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளுக்கு அனுமதி இல்லை. ஆதார் இணைப்பை அவசரம் வந்த அன்று காலை 9.55-க்குச் செய்ய உட்காராதீர்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதே செய்து முடித்துவிடுவது உத்தமம். பயணிகள் பெயர்ப் பட்டியலையும் கணக்கில் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு ஏறிவிடலாம், உள்ளே பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய துணிச்சலுக்கு இப்போது இடமில்லை. இணையத்தில் எடுத்தது சார்ட் போட்டதும் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். ஏறினால் டிக்கெட் இல்லாத பயணிதான். கவுன்டரில் எடுத்ததோடும் ஸ்லீப்பரிலோ ஏ.சி.யிலோ ஏற முடியாது; பொதுப் பெட்டியில்தான் போக வேண்டும். ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், சைடு லோயரில் இருவர் பகிர்ந்து உட்கார வேண்டும். டெல்லி வரை இரண்டு இரவு அப்படி உட்காருவது கொடுமை. ஆனாலும் நீண்ட தடங்களில் ஆர்.ஏ.சி. பெரும்பாலும் வழியிலாவது பெர்த்தாக மாறிவிடும், பயப்பட வேண்டாம்.

விமானமே எப்போதும் நம்பகம் என்று நினைப்பவர்கள் 2025 டிசம்பரை நினைத்துக்கொள்ள வேண்டும். விமானிகளின் ஓய்வு நேர விதிகள் மாறியதற்குத் தயாராகாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. மீதி விமானங்களின் விலை தாறுமாறாக ஏறியதால் மத்திய அரசு தற்காலிகமாக உச்சவரம்பு விதித்தது. 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தடத்துக்கு, வரிகள் நீங்கலாக, 18,000 ரூபாய். சென்னை–டெல்லி அதில்தான் வரும். அந்த நாட்களில் ரயில்வே கூடுதல் பெட்டிகளைச் சேர்த்தும் சிறப்பு ரயில்கள் விட்டும் சமாளித்தது. அதற்காக ரயில் இடறாது என்று அர்த்தமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். பேசின் பிரிட்ஜ் பக்கம் பாலத்தில் தண்ணீர் ஏறியதால் சென்ட்ரல் ரயில்களும் ரத்தாயின. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை டெல்லிப் பனிமூட்டம் இரண்டையும் பாரபட்சமில்லாமல் தாமதப்படுத்தும். அந்தக் காலத்தில் போய் இறங்கிய அன்றே முக்கியமான வேலை வைத்துக்கொள்ள வேண்டாம், எதில் போனாலும்.

தாமதமானால் உங்களுக்கு உள்ள உரிமை: நீங்கள் ஏறும் நிலையத்தில் ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், ஏறாமல், ரயில் கிளம்புவதற்குள் இணையத்தில் டி.டி.ஆர். (பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு) பதிந்தால் முழுப் பணமும் திரும்பும். விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். கவுன்டரில் இருப்பவர் "வவுச்சர் தருகிறோம்" என்பார். பணமே வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

மூட்டை முடிச்சு

உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. ரயிலில் இலவச அளவு ஸ்லீப்பர், ஏ.சி. மூன்றடுக்குக்கு 40 கிலோ, இரண்டடுக்குக்கு 50, முதல் வகுப்பு ஏ.சி.க்கு 70. வீடு மாற்றிப் போகிறவர், பிள்ளையை டெல்லியில் கல்லூரியில் சேர்க்கப் போகிறவர், கரோல்பாக்கிலோ ஆர்.கே. புரத்திலோ இருக்கும் மகள் வீட்டுக்கு இட்லி அரிசியும் மிளகாய்ப் பொடியும் கொண்டுபோகிற அம்மா ஆகியோருக்கு இந்த ஒரு விஷயமே போதும். விமானத்தில் ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் நூற்றுக்கணக்கில் தண்டம். கவுன்டரில் கட்டுவதைவிட முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் குறையும்.

கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். எண்ணெய்ச் சத்து காரணமாக எளிதில் தீப்பிடிக்கும் பொருள் பட்டியலில் இருக்கிறது. சபரிமலைக் காலத்தில் இருமுடித் தேங்காய்க்கு மட்டும் கைப்பையில் தற்காலிக விலக்கு தந்திருக்கிறார்கள். பவர் பேங்க்கைப் பெட்டியில் போடக் கூடாது, கையில்தான். ஊறுகாய் ஜாடியைப் பெட்டியில் நன்றாகக் கட்டி வையுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவைத்துவிட வாய்ப்பு அதிகம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ரயிலில் முதல் வேளைக்கு வீட்டுக் கட்டுச்சாதம்தான். மிளகாய்ப் பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் மறுநாள் மதியம் வரை தாங்கும். தயிர் சாதம் தாங்காது. அதன் பிறகு ஐ.ஆர்.சி.டி.சி. இ-கேட்டரிங்கில் நாக்பூரிலோ போபாலிலோ இருக்கைக்கே வரவழைக்கலாம். ரயில் தாமதமானால் ஆர்டரும் பின்னாலேயே தள்ளிப்போகும், கவலை வேண்டாம். ரயில் நீர் ஒரு லிட்டர் 14 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். விமான நிலையத்தில் ஒரு காபிக்கு இருநூறு கொடுத்து நொந்தவர்கள், சென்னை உள்நாட்டு முனையத்தில் 2025-ல் திறந்த உடான் யாத்ரி கஃபேயைத் தேடிப் பாருங்கள். டீ 10 ரூபாய்.

வயதானவர்கள்

மூத்த குடிமக்களுக்கு ரயிலில் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, திரும்ப வரவில்லை. ஆகவே "ரயிலில் பாதி விலை" என்ற பழைய நினைப்பில் கணக்குப் போட வேண்டாம். கீழ் பெர்த் ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது: ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, அந்த ஒதுக்கீடு ஒரே டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ போனால்தான். அப்பா அம்மாவோடு மகனையும் சேர்த்து ஒரே டிக்கெட்டில் போட்டால் ஒதுக்கீடு போய்விடும். எழுபது வயது அப்பாவுக்கு அப்பர் பெர்த் வந்து நிற்கும். பெரியவர்களுக்குத் தனி டிக்கெட், உங்களுக்குத் தனி டிக்கெட் போடுங்கள்.

முழங்கால் வலி, மூச்சுத் திணறல், அடிக்கடி கழிப்பறை போக வேண்டிய நிலை இருப்பவர்களை ரயிலில் இரண்டு இரவு கூட்டிப்போக வேண்டாம் என்பேன், பணம் எவ்வளவு மிச்சமானாலும். விமானத்தில் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். வாசலிலிருந்து விமானத்துக்குள் வரை ஒருவர் தள்ளிக்கொண்டு போவார். ஆனால் நடக்க முடிந்த, பேச்சுத்துணை விரும்பும் பெரியவர்களுக்கு ரயில் எவ்வளவோ மேல். விமான நிலையத்தில் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டும், அறிவிப்புக்குக் காது கொடுக்க வேண்டும், கேட் மாறினால் ஓட வேண்டும். தனியாகப் போகும் தாத்தா அதில்தான் தடுமாறுவார்.

எந்த வகுப்பு

ஸ்லீப்பர் 800 ரூபாய் சொச்சம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இளைஞர்களுக்குத் தாராளமாகச் சரி; ஆக்ரா பக்கம் பின்னிரவில் குளிர் எலும்பில் ஏறும், கம்பளி வேண்டும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை ஸ்லீப்பர் கூடாது. பகல் முழுவதும் ரயில் பல்லார்ஷா, நாக்பூர் என்று நாட்டிலேயே மிகச் சூடான வெளியில்தான் ஓடுகிறது. 45 டிகிரியில் ஜன்னல் காற்று அனலாக வீசும். குழந்தைகளோடு அந்த மாதத்தில் போகிறவர்கள் 1,300 ரூபாய் மிச்சம் பிடித்து மருத்துவருக்குக் கொடுப்பார்கள்.

மூன்றடுக்கு எகானமி கொஞ்சம் மலிவு, பெர்த்தும் கொஞ்சம் நெருக்கம். இரண்டடுக்கு 3,000 சொச்சம். திரை உண்டு, நடு பெர்த் கிடையாது, பகலில் யார் எப்போது படுப்பது என்ற சண்டையில்லை. இருவராகப் போகும் தம்பதிக்கு என் தேர்வு அதுவே. முதல் வகுப்பு ஏ.சி. விமான விலையை நெருங்கிவிடுகிறது. கூபே என்ற ஆசை இருந்தால் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். 1929-லிருந்து ஓடும் கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸில் கட்டணம் ஏறக்குறைய அதேதான், நிற்கும் இடங்கள் அதிகம், நேரமும் அதிகம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடமில்லாதபோது அதைப் பாருங்கள்.

மற்ற தடங்கள்

டெல்லியை விட்டால் கணக்கு எளிது. பெங்களூரு, கோவை, மதுரை, திருநெல்வேலி என்று ஒரு இரவுக்குள் அடங்கும் ஊர்களுக்கு ரயில்தான். பகலில் போக வந்தே பாரத் இருக்கிறது. அங்கெல்லாம் விமானம் வாசலிலிருந்து வாசல் வரை பெரிதாக எதையும் மிச்சப்படுத்தாது. மும்பையும் கொல்கத்தாவும் இடைப்பட்டவை. மும்பைக்கு 22 மணி நேரத்தை ஒட்டி, ஹவுராவின் ஷாலிமாருக்கு கோரமண்டல் எக்ஸ்பிரஸில் 26 மணிக்கு மேல். இரண்டிலும் ரயிலுக்கு ஒரு பகலின் பெரும்பகுதி போகும், விமானம் இரண்டு, இரண்டரை மணி. அவற்றுக்கு தேதி உறுதி என்றால் விமானம், குடும்பம் என்றால் ரயில். கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ரூகர் வரை 4,200 கிலோமீட்டர் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸில் முழுத் தூரமும் போக ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த நூல் எதுவும் சொல்லப் போவதில்லை. அவர்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்கள்.

தென்மாவட்டத்துக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாகர்கோவில்காரருக்குப் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம். மாநில எல்லை தாண்டிப் போக வேண்டும். திருநெல்வேலிக்காரருக்கு தூத்துக்குடியின் வாகைக்குளம், மதுரை, திருவனந்தபுரம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து நிஜாமுதீனுக்கு திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தி என்று நேரடி ரயில்கள் உண்டு, தினமும் இல்லை. அந்த நாளில் அமையாவிட்டால் சென்னை வரை இரவு ரயிலில் வந்து, தாம்பரத்தில் இறங்கி, விமானம் பிடிப்பது நல்ல வழி. இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்கள். தனித்தனி டிக்கெட் என்பதால் ரயில் தாமதத்துக்கு விமானக்காரர் பொறுப்பேற்க மாட்டார்.

போக ஒன்று, வர ஒன்று என்று கலந்தும் திட்டமிடலாம். நான் பெரும்பாலோருக்குச் சொல்வது இதைத்தான். போகும்போது ரயில்: உற்சாகம் இருக்கும், கட்டுச்சாதம் இருக்கும், தேதியும் நம் கையில் இருக்கும். வரும்போது விமானம்: உடம்பு களைத்திருக்கும், மறுநாள் அலுவலகமோ பள்ளிக்கூடமோ இருக்கும். போக வர சேர்த்து வாங்கினால் மலிவு என்ற கணக்கு உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் இல்லை என்பதால் ஒரு வழி மட்டும் வாங்குவதில் நஷ்டமும் இல்லை. இரண்டு வழியும் ரயில்தான் என்றால், திரும்பும் ரயிலின் முன்பதிவு திரும்பும் தேதிக்கு 60 நாள் முன்னால்தான் திறக்கும். பத்து நாள் கழித்துத் திரும்புகிறீர்கள் என்றால் போகும் டிக்கெட் எடுத்த பத்தாம் நாள் காலை 8 மணிக்கு மறுபடி உட்கார வேண்டும். கைப்பேசியில் அலாரம் வைத்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.